மெதுவா மூச்சு விடு

என் தம்பி லோகேஸ்வரனுக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவை, அதாவது பிளேட்லெட்டை, யார் கொடுத்தாலும் அவன் உடம்பு அழித்துவிடும். என்னுடையதை மட்டும் ஏற்றுக்கொண்டது. சின்ன வயதில் என் தட்டிலிருந்து கோழிக்காலைத் திருடித் தின்றவனுக்கு இது புதிதில்லை.

அன்று அவனுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. மூளைக்குள் கசிவதற்குள் தட்டணு ஏறியாக வேண்டும் என்றார் டாக்டர். மாக் மண்டினில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் கத்திவிட்டுக் கடல் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அவன் மேலே வார்டில். நான் கீழே ரத்த வங்கியில்.

மெஷின் என் ரத்தத்தை இழுத்து, தட்டணுவைப் பிரித்துக்கொண்டு, மீதியைத் திருப்பி ஏற்றியது. பாதியில் எனக்கு அழுகை முட்டியது. மூச்சு வாங்கியது. உதடு மரத்து, விரல்கள் உள்ளே மடங்கின.

ரத்த வங்கி நர்ஸ், மிஸ்ஸி ஷாஹிரா, ஓடி வந்தாள். “அழாதீங்கக்கா. ரத்தம் கட்டாம இருக்க சிட்ரேட்டுன்னு ஒரு மருந்து உள்ள போகுதுலா, எலுமிச்சம்பழத்துல இருக்கிற புளிப்புதான். அது கால்சியத்தப் பிடிச்சிக்கும். உடம்பே அத எரிச்சிடும், ஆனா டைம் குடுக்கணும். வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறையும், கால்சியம் இன்னும் இறங்கும். கை இழுத்துக்கும், மெஷின நிறுத்தணும்.”

“நிறுத்துனா?”

“தம்பிக்குப் பத்தாதுக்கா.”

அழுகையை விழுங்கினேன். அப்போது அம்மா உள்ளே வந்தாள்.

“அவனத் தனியா விட்டுட்டு இங்க என்னம்மா வேல?” என்று எரிந்து விழுந்தேன்.

“மேல மிஸ்ஸிங்க இருக்காங்க. நீ மெதுவா மூச்சு விடு.”

பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினாள். தம்பி படுத்ததிலிருந்து நான் அவள் கண்ணிலேயே பட்டதில்லை. இன்றைக்காவது எனக்கென்று வந்தாளே என்று, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

மஞ்சளாகப் பை நிறைந்தது. ஊசியை எடுத்ததும், “சீக்கிரம் மேல அனுப்புங்க,” என்றேன்.

“வேணாம்மா,” என்றாள் அம்மா ஷாஹிராவிடம். “வேற யாருக்காச்சும் குடுங்க.”

எனக்குப் புரியவில்லை. அம்மா என் கையை விடவில்லை.

“நான் கீழ வர்றதுக்கு முன்னாலயே போயிட்டான் சாந்தினி. மெஷின நிறுத்தச் சொன்னா உனக்குத் தெரிஞ்சிடும். ஊசியோட அழுது உனக்கும் ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன செய்வேன்?”

பெற்ற பிள்ளையைப் பிணமாக மேலே விட்டுவிட்டு வந்தவள், அவ்வளவு நேரமும் என் எதிரில் மெதுவாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.