காணாமல் போன ஒன்பது விளக்கங்கள்

மார்ச் 11, புதன்

'த்ரெட்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதிவிட்டதாக நேற்று இங்கே குறித்திருக்கிறேன். எழுதவில்லை, எழுத நினைத்ததோடு சரி. திருத்திக்கொள்கிறேன்.

மாலை வகுப்பில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்காக அறுபது கலைச்சொற்களுக்கு எளிய தமிழில் விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு கோப்பு. வகுப்பு முடிந்ததும் பென்டிரைவில் நகல் எடுத்துப்போய் எழுதி, மறுநாள் மாலை வகுப்புக் கணினியில் இருக்கும் பழைய கோப்பின் மேல் முழுக் கோப்பாக ஏற்ற வேண்டும். திங்களன்று அறுபதும் இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள்.

என் கூட்டாளி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். வகுப்பே அவரை டானிக் என்றுதான் கூப்பிடுகிறது. நேற்று நான் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்துக்கு வண்டி தாமதமாக வந்ததால் நான் ஆறரைக்குத்தான் போய் என் பங்கை ஏற்றினேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். அவர் எழுதியதாக ஒரு சொல்கூட இல்லை. அவரோ பின் பெஞ்சில் எல்லாம் முடித்தவர்போல உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமல் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

இன்று ஆறு மணிக்கே போய் ஒன்பது விளக்கங்களை ஏற்றினேன். அவர் ஆறு இருபதுக்கு வந்தார். வழக்கம்போல நகல் எடுத்துவந்து வீட்டில் திறந்தால் என் ஒன்பதும் இல்லை. அவருடைய நாலு மட்டும் புதிதாக உட்கார்ந்திருக்கின்றன.

நான்தான் சேமிக்க மறந்தேனா? இல்லை. சேமித்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். சீருடைக்குப் பொத்தான் போட்டபடியே கேட்டாள்.

"அவன் ஒண்ணுமே எழுதலங்கிற. அப்புறம் நீ எழுதினதை அழிச்சுட்டாங்கிற. சோம்பேறியா, திருடனா? ஏதாவது ஒண்ணு சொல்லுடி."

"ரெண்டும்தான்."

"அடேயப்பா. அவ்வளவு திறமைசாலிக்கு மருந்துக்கடையில என்ன வேலை?"

அவளுக்கு எல்லாமே விளையாட்டு. நான் ஒரு பொறி வைத்தேன். 'டெட்லாக்: ஆளுக்கொரு சாவியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் சாவிக்காக இருவரும் காத்து நிற்பது' என்று கோப்பில் ஏற்கெனவே இருந்த என் வரியின் கடைசியில் ஒரு புள்ளிக்கு இரண்டு புள்ளி வைத்து ஆறு மணிக்கு ஏற்றினேன். ஆறு இருபதுக்கு டானிக் கணினியில் உட்கார்ந்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்தார். போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளி.

அப்படியே புகார் எழுதி வாத்தியாரிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "எழுத்துல கொடுத்துட்டீங்க. இனி நான் விசாரிக்காம இருக்க முடியாது. அடுத்தவங்க வேலையை அழிச்சவங்க பேர் தேர்வுப் பட்டியல்ல இருக்காது. சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பட்டியலை அனுப்பணும். யோசிச்சுத்தான் கொடுக்கிறீங்களா?"

"யோசிச்சுத்தான் சார்."

மார்ச் 13, வெள்ளி

வகுப்பு முடிந்ததும் தண்ணீர்க் குழாய் அருகே டானிக் வழிமறித்தார்.

"என் மேல புகார் கொடுத்தீங்களாமே?"

"ஏன் அழிச்சீங்க?"

"நானா?" பையிலிருந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கற்றைச் சீட்டுகளை எடுத்தார். மருந்துப் பெட்டிகளோடு வரும் சீட்டுகள். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. "கடையில கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டாங்க. இதுலதான் முதல்ல எழுதுவேன். செவ்வாய்க்கிழமை பதினொண்ணு ஏத்தினேன், ஆறு மணிக்கு. வீட்டுல போய்ப் பார்த்தா ஒண்ணும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"பென்டிரைவ் கிழடு, அதுதான் தின்னுடுச்சுன்னு நெனச்சேன். உங்களை நெனக்கவே இல்லைங்க."

மேலாக இருந்த சீட்டைப் படித்தேன். 'ரேஸ் கண்டிஷன்: ஒரே தகவலை இரண்டு செயல்கள் எடுத்து, தனித்தனியே மாற்றி, திரும்ப வைப்பது. கடைசியில் வைத்தது நிற்கும். முதலில் வைத்தது போன சுவடே இருக்காது.'

மறுபடி படித்தேன். என் நேரக் குறிப்பை எடுத்தேன். செவ்வாய்: அவர் ஆறு, நான் ஆறரை. புதன், வியாழன்: நான் ஆறு, அவர் ஆறு இருபது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நகலில் என் ஒன்பதும் இல்லை, அந்தப் புள்ளியும் இல்லை; அதை என்னுடையதன் மேல் ஏற்றியதும் இரண்டும் தானாகப் போயிருக்கின்றன. அழிப்பதற்கு அவருக்கு என்ன இருந்தது? செவ்வாயன்று அவருடைய பதினொன்றின் மேல் என்னுடையதை ஏற்றியது நான்தான். மூன்று நாளும் என் நஷ்டத்துக்கு மட்டும் கணக்கு வைத்திருந்தேன்.

"நான்தான் முதல்ல அழிச்சிருக்கேன்," என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டைப் போட்டார்.

"சொல்லைத் திரும்ப எழுதிக்கலாங்க. பட்டியல்ல பேர் போச்சுன்னா? பாஸானா கடையில கம்ப்யூட்டர் வேலையைத் தர்றேன்னு முதலாளி சொல்லியிருக்கார். அடுத்த தேர்வு ஒரு வருஷம் கழிச்சுதான்."

வாத்தியார் அறைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. இரண்டு முறை அழைத்தும் போனை எடுக்கவில்லை. புகாரை வாபஸ் வாங்கினால் 'அழித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் வருமா? வரலாம். தெரியாமல் செய்தது என்று வாத்தியார் ஒப்புக்கொள்வாரா, தெரியவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலை எட்டரைக்கு வாத்தியார் அறை வாசலில் நிற்க வேண்டும். என் புகார் தவறு, செவ்வாயன்று டானிக்கின் பதினொரு விளக்கங்களும் என்னால்தான் போயின என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தை, ஒன்பது மணிக்கு முன் வாத்தியார் கையில் கொடுக்க வேண்டும்.