நாலு பெயர்க் கப்பலும் மூன்றாம் ஓலையும்

கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. லாசருக்கும் ஆனிமேரிக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமியார் கேட்ட இரண்டு ஞாயிறும் ஒரு இருமல்கூட எழவில்லை. மூன்றாம் ஓலைக்கு முன் தடை போட்டவர் சாமியாரேதான். பெண்ணின் ஞானஸ்நானச் சீட்டு எங்கே?

எங்கே போய்த் தேட? 1912இல், ரங்கூனிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த 'லேடி மார்கரெட்' என்ற நீராவிக் கப்பலில் பிறந்தவள் ஆனிமேரி. பெற்ற பிலோமினாள் கண்மூடுமுன், கூடப் பயணம் செய்த பாதிரியாரைக் கெஞ்சிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வைத்தாளாம். சீட்டைக் கரையான் தின்றுவிட்டது.

"அதுக்கென்ன, இன்னொரு தடவை தண்ணி ஊத்திட்டாப் போச்சு" என்றார் சாமியார்.

"மாட்டேன் சாமி. எங்க ஆத்தா சாகப்போற நேரத்துல எனக்குன்னு செஞ்ச ஒரே காரியம் அது. மறுபடி ஊத்துனா அவ செஞ்சது செல்லாதுன்னு ஆயிரும். அதுக்குக் கல்யாணமே வேணாம்."

லாசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரை மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன். கடலைச் சுவரில் தொங்கும் படத்தில் மட்டுமே பார்த்தவன். அன்றைக்கே கப்பல் கம்பெனிக்குக் கடிதம் போட்டான்.

அந்தக் கப்பலோ லேசுப்பட்டதில்லை! பம்பாய்ப் பார்சிக்கு விற்றாயிற்று என்றது கம்பெனி. பார்சி, தன் அம்மா பெயரை வைத்து 'குல்பானு' என்று ஓட்டியதாகவும், பிறகு நாகப்பட்டினம் மரைக்காயர் வாங்கியதாகவும் எழுதினார். மரைக்காயர் அதற்கு 'காதர் பக்ஸ்' என்று பெயரிட்டாராம். பழைய ஏடுகள் புயலோடு போய்விட்டனவாம், தன்னிடமிருந்து கப்பலை வாங்கிய செட்டியாரிடம் கேட்கச் சொன்னார். செட்டியார் கையில் அது 'வள்ளி' ஆகி, நாலே வருஷத்தில் தூத்துக்குடியில் பழைய இரும்புக்காக உடைபட்டுவிட்டது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள இத்தனை ஜாதிக் கப்பலா என்று லாசர் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் செட்டியார் கடிதத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது. கப்பலில் பிறக்கிற பிள்ளைக்கு, கப்பல் மணியை வாய் மேலாகத் திருப்பி அதில் தண்ணீர் ஊற்றித்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்களாம். பெயரை மணிக்குள் வெட்டிவைப்பார்களாம். அந்த மணியை உசிலம்பட்டி மாட்டுத் தரகர் விருமாண்டி வாங்கிப்போயிருக்கிறார்.

லாசர் குதித்த குதியில் மைக்கூடு கவிழ்ந்தது. சந்தை நாளன்று சாமியாரையும் ஆனிமேரியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சந்தைப் புங்கமரத்தில் மணி தொங்கியது. வெளியே புளிபோட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தது.

"உள்ளாற என்ன இருக்குண்ணே?" என்று கேட்டான் லாசர்.

"உள்ளாற எவன் பாத்தான் மாப்ள? சிலந்திதான் இருக்கும்" என்றார் விருமாண்டி.

லாசர் குனிந்து தலையை உள்ளே விட்டான். துண்டால் அழுக்கைத் தேய்க்கத் தேய்க்க எழுத்து தெரிந்தது. "இருக்கு! இருக்கு!" என்று கத்தினான். அதே நேரம் உச்சிப்பொழுது. உச்சிக்கு மணி அடிக்கிற சந்தை முறையை விடுவாரா விருமாண்டி? பழக்கதோஷத்தில் கயிற்றை இழுத்துவிட்டார்.

டாண்!

மாடுகள் மிரண்டு ஓடின, தரகர்கள் பின்னால் ஓடினார்கள். லாசர் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஆனிமேரி மட்டும் எங்கும் ஓடாமல் மணிக்குள் தலையை விட்டாள். வெளியே வந்தபோது அழுதுகொண்டே சிரித்தாள்.

"மச்சான், எங்க ஆத்தா பேரும் இருக்கு!"

"என்னது?" என்றான் லாசர். அவன் காதில் மணிதான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

சாமியாரும் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். அங்கியெல்லாம் சிலந்திக்கூட்டோடு, அவள் தலையில் கை வைத்தார். "உங்க ஆத்தா செஞ்சது செல்லும் தாயி" என்றார். ஓடாமல் நின்ற ஒரு கிழட்டுக் காளையின் முதுகில் தாளை வைத்துப் புதுச் சீட்டு எழுதினார். இடம் என்ற கட்டத்தில் 'நடுக்கடல்' என்று போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. காது இன்னும் சரியாகாத லாசர் சாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தடை உண்டா என்று அவர் கேட்டதும், பின்வரிசையில் விருமாண்டி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இனி என்ன தடை சாமி? அவளப் பெத்தவளே மணிக்குள்ள இருந்து சொல்லிட்டா. மேல படிங்க!"