மூக்கன் மேலே வரும் விதங்கள்

1

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய்யென்று யாராவது நிரூபித்தால் என் காதை அறுத்துக்கொள்ளலாம். இடது காதை. அது எப்படியும் கேட்பதில்லை.

இந்தக் கதை ஏரிக்கரையில், ஒரு மடக்கு நாற்காலியில் பிறந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

என் மகள் முனைவர் பட்டத்துக்காக ஓர் இயந்திரம் செய்தாள். யாரும் ஓட்டாமல் தானே ஏரிக்குள் நீந்தும். மீனும் சிப்பியும் பாசியும் எப்படியிருக்கின்றன என்று பார்த்துவிட்டுத் தானே மேலே வரும். முன்பக்கம் துருத்திக்கொண்டிருந்ததால் மூக்கன் என்று பெயர் வைத்தேன்.

"ஏம்ப்பா, ஆய்வேட்டுல மூக்கன்னு எப்படிப் போடறது?"

"அடைப்புக்குறிக்குள்ள போடு."

"என் கைடு என்னையே தூக்கி அடைப்புக்குறிக்குள்ள போட்டுடுவாரு."

(செய்யக்கூடியவர்தான். அவர் பின்னால் வருகிறார்.)

2

முதல் தொடக்கம்: அன்று காலை அவள் கிளம்பும்போது என்னிடம்

வேண்டாம். வேறு.

இரண்டாம் தொடக்கம்: மூக்கன் ஏரிக்குள் போன முதல் வாரமே ஒரு கெளுத்தி மீன் அவன் நிழலில் குடித்தனம் வைத்துவிட்டது. அவன் திரும்பினால் அதுவும் பெட்டி படுக்கையோடு திரும்பும். கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. சந்தேகமிருந்தால் என் மகளிடம் கேளுங்கள்.*

* இப்போது கேட்காதீர்கள்.

3

இனி கொஞ்சம் விஞ்ஞானம். கொட்டாவி விடுகிறவர்கள் விடலாம்.

மூக்கன் அடியில் சிக்கினால் தப்பிக்க அவன் வயிற்றில் ஓர் ஈயக்கட்டி உண்டு. அதைப் பிடித்திருப்பது சின்ன உலோகக் கண்ணி. தண்ணீரில் கண்ணி கரையும், கட்டி கழன்று விழும், மூக்கன் மிதந்துவிடுவான். ஆனால் அந்தக் கண்ணி கடலுக்கென்று செய்தது. உப்புத்தண்ணீரில் மதியச் சாப்பாட்டுக்குள் கரைந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் அவள் சோதித்துப் பார்த்ததும் கடல்காரர்களின் உப்புத்தொட்டியில்தான். ஏரியில் ஏது உப்பு? அங்கே கண்ணி ஆற அமரக் கரையும். நன்னீரைப் படித்தே பட்டம் வாங்க வேண்டியவள் அதை மறந்துபோனாள். [இதைப் படித்தால் கோபித்துக்கொள்வாள். கோபிக்கட்டும்.]

அன்று மூக்கன் சேற்றில் மாட்டிக்கொண்டான். சாயங்காலம் போன் வந்தது.

"அப்பா, உன் மூக்கன் இன்னும் மேல வரலப்பா. ரெண்டு வருஷ வேலை அவன் வயித்துக்குள்ள இருக்கு."

"கொழுப்பு அவனுக்கு. பசிச்சா தானா வருவான். நீ வீட்டுக்கு வா."

"படகுல ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன். தண்ணி தெளிவாத்தான் இருக்கு. எட்டினா கையாலயே தூக்கிடுவேன்."

படகு கரைக்கு வந்தது. அதில்

இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.

4

மகள் பாத்திரம் சரியாக அமையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கரையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன். மடியில் மடிக்கணினியும் கொடுத்துவிட்டேன். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். வாய் ஓயாத பெண்! வாசகர் எப்படி நம்புவார்? எனக்கே நம்பிக்கை வரவில்லை.

கைடும் சொதப்புகிறார். அதட்டுவதற்காக அவரைக் கதைக்குள் கொண்டுவந்தேன். மனிதர் வந்து, என் செருப்பைப் பார்த்தபடியே நின்று, "ஐயா, ஏதாவது சாப்ட்டீங்களா?" என்கிறார்.

முக்குளித்துத் தேடுகிறவர்களில் ஒருவர் கரையேறினார்.

"பெரியவரே, வீட்டுக்குப் போங்க. கிடைச்சா நாங்களே வந்து சொல்றோம்."

"கிடைச்சிடும்ல தம்பி?"

அவர் தன் நீச்சல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். ஈரத்துணியால்.

ஓர் இயந்திரத்துக்கா இத்தனை மரியாதை என்று நீங்கள் கேட்கலாம். மூக்கன் அப்பேர்ப்பட்டவன்.

5

முடிவுக்குப் பஞ்சமில்லை.

அ) கெளுத்தி தன் சொந்தபந்தங்களைக் கூட்டிவந்து, மூக்கனைச் சேற்றிலிருந்து பிடுங்கி, முதுகில் சுமந்துகொண்டு வருகிறது.

ஆ) மூக்கன் ஏரியின் அடிவழியாகவே ஆற்றுக்குப் போய்க் கடலைப் பிடிக்கிறான். உப்புப் பட்டதும் கண்ணி கரைகிறது. ஏதோ ஒரு துறைமுகத்தில் தலையை நீட்டி, "எங்க வீட்டுப் பெரியவருக்கு ஒரு போன் போடுங்க" என்கிறான்.

இ) "இதோ வந்துட்டேன்ப்பா, ஊரைக் கூட்டாதே" என்று நனைந்த தலையோடு

இதை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும். உங்களுக்கு உதவியாக ஒரே ஒரு தகவல் மட்டும் தருகிறேன்: மூக்கன் மறுநாள் விடிந்ததுமே, ஒரு கீறல்கூட இல்லாமல், தானாக மேலே வந்துவிட்டான்.