எதிரணி பெஞ்ச்

ரெமி கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். மே மாத வெயில் சமையலறை ஜன்னலைத் தொட்டாலே அவன் தலைக்குள் ஆணி இறங்கும். ஒடெட் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவி அண்ணன் பக்கம் தள்ளினாள். இருபத்தொன்பது வயது அவனுக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் கார்னெட் ஃபால்ஸ் ஹெரான்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரன். ஊரில் எந்தக் கடையில் காபி குடித்தாலும் அவனிடம் காசு வாங்க மாட்டார்கள். இப்போது கெட்டிலின் மேல் 'அணைச்சியா?' என்று அவனே எழுதி ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டுத்தான் சமையலறையை விட்டு நகர்வான்.

"இன்னைக்குத்தானே மீட்டிங்?"

"ஆமா. மூணு மணிக்கு."

"யார் யார் என்ன பேசினாங்கன்னு வந்து சொல்லு. வெர்ன் அந்தக் கதைய எடுப்பாரு பாரு. எல்லாரும் சிரிப்பாங்க." அவனும் சிரித்தான். பிறகு ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "நான் எந்தப் பக்கம் போய் உட்காந்தேன் ஒடெட்? நம்ம பெஞ்சுக்கு இடதா, வலதா?"

அவனுக்கு அந்த இரவு ஞாபகமில்லை. ஊர் சொல்லிச் சொல்லித்தான் தெரியும்.

"வலது" என்றாள்.

போர் வீரர் சங்கக் கட்டடத்தில் ஹெரான்ஸ் ரசிகர் சங்கத்தின் கூட்டம். வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் குவித்துவைத்த பனி இன்னும் கரையாமல், கரி படிந்து, செத்த மிருகம் மாதிரி கிடந்தது. ஒடெட் அதைத் தாண்டி உள்ளே போனபோது அறுபது பேருக்கு மேல் கூடிவிட்டிருந்தார்கள். ஹெரான்ஸ் அணிக்குத் தனி முதலாளி கிடையாது. நிக்கல் சுரங்கம் மூடப்போகிறது என்று வதந்தி கிளம்பிய காலத்தில், அணி வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது என்று ஊரே பங்கு வாங்கிப் பிடித்து நிறுத்திய அணி அது. பங்குகளில் பாதி இந்த ரசிகர் சங்கத்துக்காரர்கள் கையில். அதனால் சங்கம் ஒரு பெயரைச் சொன்னால் நிர்வாகக் குழு லேசில் தட்ட முடியாது. கடைசி இடத்தில் முடித்த பொது மேலாளரை மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அந்த நாற்காலிக்கு இரண்டு பெயர்கள். ஒன்று, இணையத்தில் மட்டுமே இவர்கள் பார்த்திருக்கும் ஒரு ஃபின்லாந்துக்காரர். மற்றது க்ளென் மக்கேவர். இந்த அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த பழைய கேப்டன், பின்னாளில் துணை மேலாளர், மேற்கே வேறு அணிக்குப் போய் இப்போது ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறவர்.

முன் மேசையில் ஒடெட்டின் அப்பா ஆர்மன் நோட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக அவர்தான் சங்கச் செயலாளர். அவர் தலைக்கு மேலே சுவரில் ரெமியின் படம். தாடையில் ரத்தம், முன்பல் இரண்டு இல்லை, வாய் நிறையச் சிரிப்பு. அதே படத்தின் சின்னப் பிரதி வீட்டு வரவேற்பறையில் அவன் ஜெர்சிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போய் ஒடெட் வாங்கிவந்த பட்டம் குளியலறைக்குப் போகிற வழியில் தொங்குகிறது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

"அந்த ஃபின்லாந்துக்காரன் கம்ப்யூட்டரப் பாத்து ஆட்டக்காரங்கள எடுப்பானாம்" என்றார் ஒருவர். "மூலையில வட்டுக்காக முட்டி மோதுறவனோட நெஞ்சுக்குள்ள இருக்கிறது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

சாப்பாட்டு மேசையில் பெரோகிக் கொழுக்கட்டைகளைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்த டோரீன் திரும்பாமலே சொன்னாள்: "பதினோரு வருஷமா கண்ணால பாத்துத்தானய்யா எடுத்தீங்க? முதல்ல கண் டாக்டர்கிட்ட போங்க."

"டோரீன், அவன் வந்தா எல்லாரையும் அவங்க ஊர் வழக்கப்படி நீராவி அறைக்குள்ள தள்ளிக் கதவச் சாத்திடுவான், தெரியும்ல?"

"நல்லதுதானே. உன்னையும் சேத்துத் தள்ளச் சொல்றேன். அழுக்கு போச்சுன்னா பக்கத்து சீட்டுல உக்காரவாவது முடியும்."

சிரிப்பு அடங்குவதற்குள் சங்கத் தலைவர் வெர்ன் எழுந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். வெர்னை வெறுக்க ஒடெட் பலமுறை முயன்றிருக்கிறாள். ஆனால் ரெமி படுக்கையில் கிடந்த முதல் குளிர்காலம் முழுக்க, கேட்காமலே வந்து அவர்கள் வாசல் பனியை அள்ளிப் போட்டவர் அவர்தான். அதுதான் கஷ்டமே. இந்த ஊரில் கெட்டவன் என்று ஒருத்தனையும் சுலபமாகக் கைகாட்டிவிட முடியாது.

"எண் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் வெர்ன். "மக்கேவர் இருந்த காலத்துல நம்ம பசங்க எப்படி ஆடினாங்கன்னு தெரியும். அரையிறுதி. மூணுக்கு மூணு. நம்ம ஆர்மன் பையன் முகமெல்லாம் தையலோட திரும்பி வர்றான். ஒரு சுத்து சுத்தறான். அப்புறம் நேரா போயி… எங்க போனான்?"

"எதிரணி பெஞ்சுக்கு!" என்று கூட்டம் ஒரே குரலில் முடித்தது.

"போயி நடுவுல உக்காந்துட்டான்! பக்கத்துல இருந்தவன்கிட்ட தண்ணி பாட்டில் வேற கேட்டு வாங்கிக் குடிக்கிறான்! எதிரிக்கே யோசனை சொல்லப் போனவன்டா நம்ம ரெமி! அப்புறம் வந்து கடைசி நிமிஷத்துல கோலுக்குப் போன அந்த அடிய நெஞ்சுல வாங்கித் தடுத்தான் பாருங்க. அந்த மாதிரி ஆளுங்கள உருவாக்கினவரு மக்கேவர்."

கூட்டம் குலுங்கியது. வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்ட கதை, இருந்தும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒடெட் அப்பாவைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், குனிந்து, நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி. ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்த பேச்சு சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. அந்தக் குனிவைப் பார்த்தபடியே எழுந்து நின்றாள்.

"வெர்ன், அந்தக் கதைய இன்னொரு தரம் சொல்லுங்க."

"நம்ம பட்டதாரிக்கு அவ்வளவு பிடிச்சிருச்சா!"

"ஆமா. இந்தத் தடவ மெதுவா. முதல்லேருந்து. அவன் முகத்துல எதுக்குத் தையல்?"

வெர்ன் சிரிப்பு மாறாமலே சொன்னார்: "நாப்பத்திநாலாம் நம்பர்காரன் பின்னாலேருந்து இடிச்சான். ஓரத்துக் கண்ணாடிச் சுவத்துல போயி…"

"எது மோதிச்சு கண்ணாடியில?"

"தலை."

"ஹெல்மெட் எங்க இருந்துச்சு?"

"கழண்டு ஓடிடுச்சு." இப்போது சிரிப்பு இல்லை. "ஒடெட், எல்லாரும் பாத்ததுதானம்மா."

"பாத்தோம். எவ்வளவு நேரம் அசையாம கிடந்தான்?"

பின்வரிசையில் ஒரு கிழவர், "ரெண்டு நிமிஷம் இருக்கும்" என்று காலணியைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு நிமிஷம். அப்புறம் தூக்கி நிறுத்தினாங்க. நாம என்ன செஞ்சோம்?"

எல்லோருக்கும் தெரியும் என்ன செய்தோம் என்று. விழுந்த ஆட்டக்காரன் எழுந்தால் மற்றவர்கள் மட்டையால் பனித்தரையைத் தட்டுவார்கள். பார்வையாளர்கள் எதிரில் எது இருக்கிறதோ அதைத் தட்டுவார்கள். எழுந்துவிட்டான் என்பதற்கான மரியாதை. இந்தச் சங்கத்தில் வாக்கெடுப்புகூட அப்படித்தான். கை தூக்குவது கிடையாது. விரல் முட்டியால் மேசையைத் தட்ட வேண்டும், எந்தப் பெயருக்குச் சத்தம் பெரிதோ அந்தப் பெயர். இதுவரை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலைமையே வந்ததில்லை.

"தட்டினோம்" என்றாள் ஒடெட். "அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னதும் ரெமி ரெமின்னு கத்தினோம். பத்து நிமிஷம் கத்தினோம். அன்னைக்கு அணியோட வைத்தியப் பொறுப்புல இருந்தவர் போன மாசம் எனக்குக் கடிதம் எழுதியிருக்கார். இவன இன்னைக்கு ஆட விடக்கூடாதுன்னு அவர் சொல்லியிருக்கார். அப்ப துணை மேலாளரா இருந்த மக்கேவர் உடைமாத்துற அறைக் கதவத் திறந்து, நாம கத்துறதக் கேக்கவெச்சு, 'இவங்ககிட்ட போய் நீயே சொல்லு'ன்னாராம். அவ்வளவுதான். அனுப்பிட்டாங்க." வெர்னை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நானும் கத்தினேன். மூணு நாள் எனக்குக் குரல் இல்ல. அவன் தண்ணி பாட்டில் கேட்டப்ப நானும் சிரிச்சேன். தான் எந்த அணின்னு தெரியாம ஒருத்தன் உக்காந்திருக்கான், நாலாயிரம் பேர் சிரிக்கிறோம். அத இன்னும் சொல்லிட்டிருக்கோம்."

"ஒடெட்" என்றார் அப்பா. "அவனுக்கு வெறும் ஒத்தைத் தலைவலிம்மா."

"அப்படின்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்றீங்க. போன வியாழக்கிழமை பால் வாங்கப் போனவன் நம்ம வீட்டுக்கு வரல. நாலு வீடு தள்ளி உள்ள போயி, ஷூவக் கழட்டி வெச்சுட்டு, சமையலறையில உக்காந்து இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு கேட்டிருக்கான்."

வெர்ன் வாயைத் திறந்தார். அதற்குள் சாப்பாட்டு மேசையிலிருந்து டோரீனின் குரல் வந்தது. இவ்வளவு தாழ்ந்த குரல் அவளுக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"என் வீடுதான். சூப் குடுத்தேன். ஒழுங்கா குடிச்சான். அப்புறம், ஒடெட் இன்னும் வரலையான்னு கேட்டான்." கையிலிருந்த கரண்டியை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டின் மேல் குறுக்கே வைத்தாள். "நான் சிரிக்கல, ஆர்மன்."

ஒடெட்டுக்கு இது தெரியாது. டோரீன் வீடு என்று தெரியும். அவன் அதைக் கேட்டான் என்று தெரியாது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி எழ முடியாது.

"ஃபின்லாந்துக்காரர எடுங்கன்னு நான் சொல்லல. அவர எனக்குத் தெரியாது. இந்தக் கேள்விய மக்கேவருக்கு எழுதி அனுப்புங்க. அன்னைக்கு அவன ஏன் அனுப்பினீங்க, இனிமே ஒரு பையன் அப்படிக் கிடந்தா என்ன செய்வீங்க. பதில் வர்ற வரைக்கும் இந்தச் சங்கம் பேர் சொல்லக் கூடாது."

"முன்கூட்டிக் குடுக்காத தீர்மானத்த எடுக்க முடியாதும்மா. விதி இருக்கு." வெர்ன் முகம் சிவந்திருந்தது. "ஒரு ஆட்டத்த வெச்சு ஒரு மனுஷன எடை போடலாமா?"

"நான் ஆட்டத்த வெச்சுப் போடல. மனுஷன வெச்சுப் போடறேன். வீட்டுக்கு வந்து பாருங்க, கருப்புக் கண்ணாடியோட உக்காந்திருக்கான்."

"படிச்சிட்டு வந்துட்டா ஊரையே குத்தவாளிக் கூண்டுல ஏத்திடலாம்னு…" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏத்தறேன். என்னையும் சேத்துத்தான் ஏத்தறேன். இறங்கணும்னா ஒரு கடிதம் எழுதுங்க. ரெண்டு வரி."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். காபி இயந்திரம் தன்பாட்டுக்குக் கொப்பளித்தது. வெர்ன் சுவரிலிருந்த படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டு, வேலையை முடித்துவிட்டால் போதும் என்கிற அவசரத்தில் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"விதிப்படி வாக்கெடுப்பு. க்ளென் மக்கேவருக்கு ஆதரவா இருக்கிறவங்க தட்டலாம்."

"நான் நின்னுட்டுதான் இருப்பேன்" என்றாள் ஒடெட். "தட்டுறவங்க என்னப் பாத்துத் தட்டுங்க."

வழக்கமாக இந்த நொடியில் கோப்பைகள் மேசையில் துள்ளும். ஒடெட் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சுரங்கத்தில் நகம் போன கைகள், மாவு காய்ந்த கைகள், சங்க மோதிரம் போட்ட கைகள். எல்லாம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. அப்பாவின் பேனா நோட்டின் மேல் உருண்டு நின்றது. அவருடைய வலது கை மெல்ல மடங்கியது. விரல் முட்டிகள் வெளுக்க மேசைக்கு ஒரு விரல்கடை மேலே எழுந்து, அங்கேயே நின்றது. அவர் மகளைப் பார்க்கவில்லை. மேலே படத்தையும் பார்க்கவில்லை.

பின்வரிசையில் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. வேறு எங்கிருந்தும் சத்தம் வரவில்லை. தட்டிய கை நின்றுவிட்டது, தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளேயிருந்து யாராவது வருகிறார்களா என்று காத்திருக்கிறவனுடைய கை மாதிரி.