பாக்கியராஜைக் குளிப்பாட்டியவர்கள்

தண்ணீர் காய்ந்து அரைமணி ஆகியும் ஆண்கள் ஒருவரும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆரோக்கியமேரி அண்டாவைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, திரும்ப இறக்கினாள். பந்தலில் பதினைந்து பேர் இருந்தார்கள். கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் இன்றைய ஷிப்டை விட்டுவிட்டுச் சாவுக்கென்று நின்றவர்கள். நின்றதோடு சரி.

"சித்தப்பா, தண்ணி ஆறுது."

ஆசீர்வாதம் நிமிரவில்லை. காலனியில் எந்த ஆண் இறந்தாலும் முதல் செம்புத் தண்ணீர் அவர் கையால்தான் விழும்.

"பசங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்க மேரி. போன மாசம் ராஜஸ்தான்ல அணுகுண்டு வெடிச்சாங்கன்னு பேப்பர்ல போட்டானே. மெட்ராஸ்ல இவனும் அந்த அணு வேலதான செஞ்சிகினு இருந்தான்? ரத்தம் கெட்டு செத்துருக்கான். ஒடம்புல இன்னா இருக்குதோ. தண்ணி தெருவுல ஓடும். புள்ளைங்க மெறிக்கும்."

அவள் உள்ளே போய்த் தம்பி பாக்கியராஜின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரத்தப் புற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து மூன்றே மாதம். இருபத்தெட்டு வயது உடம்பு பெஞ்சின் மேல் பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது. அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டியது அவள்தான். பத்து வயதில், "நீ வெளிய போக்கா," என்று வெட்கப்பட்டுச் செம்பைப் பிடுங்கிக்கொண்டான்.

பாலிடெக்னிக் முடித்து அவன் வேலைக்குப் போனது மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு. காலை ஆறு மணி ரயிலில் போய் இருட்டின பிறகு வருவான். என்ன வேலை என்று அவள் ஒருமுறை கேட்டாள். ஒரு படிகத்துக்குள் கதிர்வீசும் வேற்று அணு கொஞ்சம் கலந்திருக்கும், அது உள்ளே எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது என்றான்.

"அத எப்புட்றா பாப்ப?"

"கோயில்ல வரிசையா உக்காந்துகினு இருக்கமே, அத மாதிரிக்கா. வரிசைக்குள்ள இருக்கறவன முன்னாடி இருக்கறவன் மறைச்சிருவான். நடு சந்துல இருக்கறவன் தெரிவான். கல்ல துளித்துளியா திருப்பிகினே இருப்போம். எதிர்ல சிலிக்கான் தகடு இருக்குது, காலணா அளவுக்கு. அணு வீசறது அதுல பட்டா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணும். ஒரு பக்கம் திருப்பும்போது எண்ணிக்க சட்டுனு கொறஞ்சா, ஆளு வரிசைக்குள்ள இருக்கறான்னு அர்த்தம்."

அந்தத் தகட்டின் முகத்தில் விரல் படக்கூடாதாம்.

பதினொரு மணி ரயிலில் கோபால் வந்தான். பாக்கியராஜோடு அதே அறையில் வேலை செய்பவன். மாலையைப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் நின்றான். குளிப்பாட்டாத உடம்பையும், ஆவி அடங்கிய அண்டாவையும், வெளியே உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்து அவனே புரிந்துகொண்டான்.

"இவன் ஒடம்புல ஒண்ணும் இல்லக்கா," என்றான், வெளியே கேட்கிற மாதிரி. "எங்க சட்டைல ஒரு பிலிம் மாட்டியிருப்போம். அதுல கதிர் ஏதாவது பட்டிருந்தா மாசாமாசம் தெரிஞ்சிடும். இவன்து எப்பவும் சுத்தமாதான் இருந்துது."

"அப்ப நோவு எங்கேர்ந்து வந்துது?"

கோபால் சரிந்திருந்த மாலையை நேராக்கினான்.

"கல்லுக்குள்ள ஒரே ஒரு அணு எங்க ஒளிஞ்சிகினு இருக்குதுன்னு பாக்கறீங்களே. இவன் ரத்தத்துல பூந்தது இன்னான்னு பாக்க முடியலியா?"

"அதுக்கு மிஷினு இல்லக்கா."

"நீயும் அந்த ரூம்லதான இருக்கற?"

"ஆமாக்கா. அவன் மேஜைக்கு எதிர் மேஜை."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"தலைய நான் புடிச்சிக்கறேன். நீங்க ஊத்துங்க."

அவள் ஊற்றினாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்த முழங்கை மடிப்பில் சோப்பை மெல்லத் தேய்த்தாள். பெஞ்சிலிருந்து வழிந்த தண்ணீர் வாசற்படி வழியே இறங்கி, பந்தலின் நடுவே ஓடியது. உட்கார்ந்திருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

முதுகைத் தேய்க்க இருவரால் புரட்ட முடியவில்லை. ஈர உடம்பு கையில் நிற்காமல் நழுவியது. அப்போது இன்னொரு ஜோடிக் கை வந்து பாக்கியராஜின் இடுப்பைத் தாங்கிப் பிடித்தது. ஆசீர்வாதம். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பிடி ஒருக்களிச்சா மாதிரி தள்ளு தம்பி," என்று கோபாலிடம் மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு பெட்டியைத் தூக்க ஆள் குறையவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் கெட்டியாக இருந்ததால் குழி ஆழம் போதவில்லை. பந்தலில் ஒதுங்கியிருந்த அதே இளைஞர்கள் மாறி மாறிக் கடப்பாரை போட்டு வெட்டினார்கள். கோபால் மூன்று பிடி மண் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

நாலு மணிக்கு ஆரோக்கியமேரி மற்றப் பெண்களோடு தெருவுக்குத் திரும்பினாள். பேசிக்கொண்டு வந்தவர்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். அவள் வீட்டு வாசற்படியிலிருந்து தெருக்கோடிச் சாக்கடை வரை, தண்ணீர் ஓடிய வழி முழுக்க யாரோ பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். வளைந்த இடத்தில் வளைந்து, தேங்கிய இடத்தில் அகன்று, ஒரு சொட்டு விடாமல் கவனமாகத் தூவியிருந்தது. வெயிலில் கண் கூசியது.

பெண்கள் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். அவள் வெறுங்காலோடு அந்த வெள்ளையின் மேலேயே நடந்து வீட்டுக்குள் போனாள்.