ஜூலை பதினொன்றின் குரல்

ஜூலை பதினொன்றாம் தேதி விடிந்ததும் பாடகியின் இருநூற்று நாற்பத்தாறு பாட்டுகளும் ட்ராக் அக்காவின் குரலுக்கு மாறிவிட்டன. மறுநாள் காலை பால் வருவதற்குள் பழையபடி ஆகிவிட்டன. முதல் வருடம் எல்லோரும் அவரவர் ரேடியோவைத்தான் சந்தேகப்பட்டார்கள். ரிப்பேர்க் கடைகளில் நிற்க இடமில்லை. கடைக்காரர்கள் பெட்டியைக் கழற்றி, உள்ளே ஊதி, மறுபடி மூடிக் கொடுத்தார்கள். அதற்குள் தேதி பன்னிரண்டு ஆகிவிட்டதால் எல்லா ரேடியோவும் சரியாகிவிட்டது, கடைக்காரர்களுக்கும் கைராசிக்காரர்கள் என்று பெயர் வந்தது. செய்தித்தாளில் இது வெங்காய விலைக்குக் கீழே நான்கு வரியில் வெளியாயிற்று.

ட்ராக் என்பது பெரிய விஷயமில்லை. பேர் வாங்கிய பாடகிக்கு நேரம் கிடைக்கிறவரை ஸ்டூடியோ கைகட்டி நிற்க முடியாது. அதனால் வேறொருத்தியை முதலில் பாடவைத்து டேப்பில் எடுத்துவைப்பார்கள். பாடகி வந்து அதைக் காதில் கேட்டபடியே தன் குரலில் பாடுவாள். பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். அந்த முதல் குரலாகவே பன்னிரண்டு வருடம் காலம் தள்ளியவள்தான் ட்ராக் அக்கா. வாட்ச்மேன் முதல் வயலின்காரர்கள் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். பாடகியும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள், இத்தனைக்கும் இருவருக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். பாட்டுகள் குரல் மாறுவதற்கு முந்தைய வருடம் இதே ஜூலை பதினொன்றில் ஒரு பாட்டின் ட்ராக்கைக் கேட்டுவிட்டு இசையமைப்பாளர் தலையைச் சொறிந்தார். "இது இப்படியே இருக்கட்டுமே, நல்லாத்தானே இருக்கு" என்றார். பாடகிக்கு வயிறு எரிந்தது. நன்றாக இல்லாமலிருந்தால் எரிந்திருக்காது. "அழிச்சிருங்க" என்றாள். அழித்து முடிகிறவரை ரெக்கார்டிஸ்ட்டின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். டேப்பை ஒருமுறை ஓட்டச் சொல்லி, வெறும் இரைச்சல் மட்டும் வருவதைக் கேட்ட பிறகுதான் மைக்கிடம் போனாள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வருடம் பாடகி முன்ஜாக்கிரதையாக வானொலி நிலையத்துக்கு ஆளனுப்பி, அன்றைக்குத் தன் பாட்டு எதையும் போடக்கூடாது என்று எழுதி வாங்கினாள். பிரயோஜனமில்லை. சலூனில் முகத்தில் சோப்போடு அவள் பாட்டை முணுமுணுத்த ஆண்பிள்ளைகளுக்கும், பஸ்ஸில் விசிலடித்த கண்டக்டருக்கும் அக்காவின் குரலே வந்தது. மூன்றாம் வருடம் ஜனங்கள் பழகிவிட்டார்கள். நான்காம் வருடம் அந்த நாளுக்காகவே காத்திருக்கத் தொடங்கினார்கள். ராசியான தேதி என்று புதுப் பாடகர்கள் முதல் பாட்டை அன்று பாடினார்கள். கம்பெனிகள் இசைத்தட்டு, பிறகு கேசட், எல்லாவற்றையும் அன்றே வெளியிட்டன. எதிரிகளாயிருந்த இரண்டு கிடார்க்காரர்கள் அன்று சமாதானமாகி அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி பிரிந்தார்கள். செய்தித்தாளில் 'இதே நாளில்' என்ற பகுதியைத் தொகுத்தவருக்கு மற்ற நாட்களுக்கு மூன்று வரி தேறுவதே பெரும்பாடு. ஜூலை பதினொன்றுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதில் முதல் வரியில் எப்போதும் அக்காதான் இருந்தாள். நிருபர்கள் போய்க் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அன்னைக்கும் நான் வேலைக்குத்தான் போயிருந்தேன்" என்று ஒரே பதிலைச் சொன்னாள். பாடகி அந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டேன் என்று மடித்துவைப்பாள், பிறகு குளியலறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள்.

ஐந்தாம் வருடம் அவள் ஒரு காரியம் செய்தாள். நேராக மேடையேறிப் பாடினால் யாரால் என்ன செய்துவிட முடியும் என்று, அந்தத் தேதியிலேயே கச்சேரி வைத்தாள். நாலாயிரம் பேர் வந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், அக்கா பாடினாள். அதுவரை ரேடியோவோடும் ஊரார் வாயோடும் நின்றிருந்த விஷயம் அன்றைக்கு அவள் தொண்டைக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது. கைதட்டல் நான்கு நிமிடம் ஓயவில்லை. தன் குரலுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்: இரண்டு நிமிடம் பத்து விநாடி. வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து, "ஏங்க, கொஞ்சம் தண்ணி" என்றாள். அவள் கணவர் பல் டாக்டர், பகலெல்லாம் பேச முடியாத வாய்களோடு பழகியவர், எதற்கும் அசராத மனிதர். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "இன்னொரு தடவ கேளேன்" என்றார். அதன்பிறகு வருடா வருடம் அந்தத் தேதியில் பாடகி யாரிடமும் பேசுவதில்லை. துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டுவாள். கணவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சற்று நேரம் அவள் வாயையே பார்ப்பார், அவளுக்கு இன்னும் எரியும்.

இருபத்தோராம் வருடம் மார்ச்சில் அக்காவுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. செய்தி தெரிந்ததும் பாடகிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இனி வருடம் முழுக்க என் பாட்டு என்னுடையது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் நினைப்பு போகவில்லை. ஜூலை பதினொன்று காலை குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று மெதுவாக "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா "ஹலோ" என்றாள். குரலுக்கு ஒரு நாள்கூட வயதாகியிருக்கவில்லை. பாடகியின் குரலுக்கு ஆகியிருந்தது.

பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. வாசலில் அக்கா நின்றாள், கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் ஒரு நோட்டு. பாடகிக்குச் சீட்டும் பேனாவும் கைக்கு எட்டவில்லை, வாய் முந்திக்கொண்டது. "வாங்கக்கா" என்றாள். அக்கா அங்கேயே செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நோட்டைத் திறந்து எழுதினாள்: 'பொண்ணு கடல் தாண்டி இருக்கா. வாரா வாரம் போன் பண்றா. நான் எடுத்துட்டு சும்மா நிக்கிறேன். நீங்க பேசுறீங்களா?'

முடியாது என்று சொல்லப் பாடகி வாயெடுத்தாள். ஆனால் முடியாது என்பதையும் அக்காவின் குரலில்தான் சொல்ல வேண்டியிருந்தது, அது அவளால் ஆகவில்லை. அக்கா எழுதிக் காட்டிய எண்ணைச் சுழற்றினாள். அக்கா எழுத எழுத இவள் படித்தாள். "சாப்பிட்டியா? தலைக்குக் குளிச்சா உடனே துவட்டு. அந்த முதலாளி இப்பவும் கத்துறானா?" அந்தப் பக்கம் ஒரு பெண் "அம்மா" என்றாள், மறுபடி "அம்மா" என்றாள், அழுதாள், சிரித்தாள். ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியும். அன்று என்ன தேதி, யார் வாயிலிருந்து இது வருகிறது என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். பிள்ளை வேண்டாம், தொண்டை போதும் என்று இருபத்துமூன்று வயதில் முடிவெடுத்தவள் பாடகி; நாலாயிரம் பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள், இப்படி ஒரு சொல்லை ஒருவரும் சொன்னதில்லை. இதுவும் தனக்கில்லை. அக்காவின் பேனா ஒரு இடத்தில் நின்றபோது பாடகி எழுதாததைச் சொன்னாள்: "சொல்லும்மா, கேட்டுட்டுதான் இருக்கேன்." அக்கா நிமிர்ந்து பார்த்தாள், வேண்டாமென்று தலையாட்டவில்லை, அடுத்த வரியை எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலை பதினொன்றும் காலை பத்து மணிக்கு அக்கா நோட்டோடு வந்தாள், பத்தேகாலுக்குப் போன் மணியடிக்கும். 'இதே நாளில்' பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் வந்ததில்லை, அவர்களும் சொல்லவில்லை. பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. போனை வைத்த பிறகு அரை மணி நேரம் பாடகி அக்காவின் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஆனால் ஜூலை முதல் தேதி பிறந்துவிட்டால் பாடகி ஐஸ் தண்ணீரைத் தொடுவதில்லை, மழையில் நனைவதில்லை, தும்முகிறவர்களை வீட்டுக்குள் விடுவதில்லை. தன் கச்சேரிகளுக்குக்கூட அவள் அப்படித் தொண்டையைப் பார்த்துக்கொண்டதில்லை என்பார் பல் டாக்டர்.