சாட்சிப் புத்தகத்தில் விட்டுப்போன ஆள்

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன சபையில் ஒரு வழக்கம் உண்டு. சபை அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்தவர் திருப்பி வைக்கும்போது கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தன் கருத்தை எழுதிப் பேரைப் போட வேண்டும். எல்லாரும் என்ன எழுதுவார்கள்? "மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது." படிக்காமலே எழுதலாம், பலபேர் அப்படித்தான் எழுதினார்கள். சிநேகா ஒருத்திதான் படித்துவிட்டு எழுதித் தொலைப்பாள்.

திருக்கழுக்குன்றத்தில் கணக்கு டீச்சர். போக வர பஸ்ஸில்தான் படிப்பு. ஒரு போதகரின் வாழ்க்கைச் சாட்சிக்கு அவள் எழுதியது: "குடித்த கதை நாற்பது பக்கம், பிரமாதம். திருந்திய பிறகு ஐயா போன ஊர்களின் பட்டியல்தான் இருக்கிறது." இன்னொன்றுக்கு: "இவர் ஒத்துக்கொள்ளும் பாவமெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் செய்தவை. அப்புறம் ஒரு தப்பும் பண்ணவில்லையாம். நம்பச் சொல்கிறார்."

மாற்றலாகிப் போன ஒரு விஞ்ஞானி குடும்பம், மகனுடைய மாயாஜால நாவல்களை ஒரு பெட்டி நிறைய சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சூனியக்காரியும் டிராகனும் சபைக்குள்ளா என்று கமிட்டி குதித்தது. "பைபிள்லயே வலுசர்ப்பம் வருதே, டிராகன் நமக்குப் புதுசா?" என்று போதகர் சிரித்ததில் அவை தப்பின. சிநேகா அவற்றையும் விடவில்லை. "டிராகன் பாவம். அரசகுமாரனுக்கு மூளை கம்மி. அவனுக்குச் சமைத்துப் போட்டு, காயம் கட்டிய குள்ளனைக் கடைசி அத்தியாயத்தில் ஆளையே காணோம். என்ன நியாயம் இது?"

இப்படிப்பட்டவளுக்கு மாமனாராக வாய்த்த தாவீது, 2006இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு தன் சாட்சியை எழுதி, செங்கல்பட்டில் இருநூறு பிரதி அச்சடித்துக்கொண்டு வந்தார். கூலிக்காரன் மகன் வெல்டராகி, ஃபோர்மேனாகி, சபை மூப்பரான கதை. அலமாரியில் ஒரு பிரதியை வைத்துவிட்டு, "நீதாம்மா ஃபர்ஸ்ட்டு எடுக்கணும். உள்ளத எழுது" என்றார். ஊரே ஆசீர்வாதம் என்று எழுதினாலும் அவருக்குப் போதாது; நன்றாக இருக்கிறது என்று இவள் எழுத வேண்டும். ஆசையைப் பாருங்கள்!

சிநேகாவுக்கு மாமா என்றால் உயிர். பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தவர் அவர். அதனால்தான் படித்து முடித்ததும் அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் மாமியார் வரலட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞானஸ்நானம் எடுத்தும் பேரை மட்டும் விடமாட்டேன் என்றவள்; எழுத்து தெரியாதவள். "ஏம்மா, என்னப் பத்தி இன்னா எழுதிகீறாரு?"

"1973இல் எனக்குத் திருமணம் நடந்தது." தொண்ணூறு பக்கப் புத்தகத்தில் அவளைப் பற்றி இருந்தது அவ்வளவுதான். அவர் ஐ.டி.ஐ. படித்த இரண்டு வருஷமும் சித்தாளாக மணல் சுமந்து சோறு போட்டவள் இவள். புத்தகத்திலோ 'கர்த்தர் போஷித்தார்' என்று இருந்தது.

"நெறைய கீது அத்தே, அப்பறமா படிச்சிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு சிநேகா உள்ளே போனாள். பொய் சொன்ன எரிச்சலில் பென்சிலை எடுத்தாள். "கர்த்தர் போஷித்தார், சரி. மணலை யார் சுமந்தது? இந்தப் புத்தகத்தில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார்." பேரையும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தாவீது அதைப் படித்தார். முகம் சுண்டிப்போனது. இரண்டு நாள் மருமகளோடு பேச்சில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு தாளோடு சமையலறையில் இருந்த வரலட்சுமியிடம் வந்தார். "இன்னாம்மே, குந்து. ஒரு பக்கம் எழுதிகீறேன். இருநூறு புக்குலயும் ஒட்டப்போறேன். கேளு."

மணல் வந்தது, வெயில் வந்தது, அவள் கொடுத்தனுப்பிய கஞ்சித் தூக்கு வந்தது. கதவோரம் நின்ற சிநேகா அழுதேவிட்டாள்.

வரலட்சுமி அழவில்லை. "எல்லாம் கரெக்டுதான். நீ வேலைக்குச் சேந்த புதுசுல அதே சைட்டுல நான் மண்ணு தூக்கிகினு வந்தேன். ஆபீசருங்களோட நின்னுகினு இருந்த நீ. உன்னப் பாத்துச் சிரிச்சேன். யாருய்யா இதுன்னு ஒர்த்தர் கேட்டாரு. எங்க ஊர்ப் பொம்பளன்னு சொன்ன. அது வர்லியே?"

அன்று சொன்னது அவள் காதில் விழவில்லை என்றுதான் தாவீது முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"அதயுமா எழுதணும்?"

"எழுதுய்யா. அதுலதான் நான் கீறேன்."

அவர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வரலட்சுமி நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெதுவா எழுது. நான் எங்கயும் போவல."